நீலியின் வழக்கும் பார்வையாளரின் தீர்ப்பும்

1999 ஜனவரியில் வினயன் இயக்கிய ‘ஆகாச கங்கா’ என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. மம்மூட்டியோ மோகன்லாலோ இல்லாத, செலவு குறைந்த பேய்ப்படம் அது. ஒரு பெருங்குடும்பத்து இளைஞனை நேசித்துக் கருவுற்ற பணிப்பெண் கங்கை, குடும்பத் தலைவரின் ஆணையால் உயிரோடு எரிக்கப்படுகிறாள். யட்சியாகத் திரும்பி வந்து அக்குடும்பத்தைப் பழிவாங்குகிறாள். அடுத்த தலைமுறையில், அவ்வீட்டு இளைஞன் காதலிக்கும் மாயா என்னும் பெண்ணின் உடலில் புகுகிறாள். இறுதியில் மேப்பாடன் என்னும் மாந்திரிகரால் அடக்கப்படுகிறாள். படம் வெற்றி பெற்றது. 2019இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது.

திருவனந்தபுரத்தில் இப்படத்தைத் திரையரங்கில் கண்ட தலைமுறையும், பின்னர்த் தொலைக்காட்சியில் கண்ட தலைமுறையும் கூறும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். முதல் வகை, செய்நேர்த்தியைப் பற்றியது. வெள்ளைச் சேலை, அவிழ்ந்த கூந்தல், சலங்கை ஒலி, மூலைமுடுக்கெல்லாம் புகைமூட்டம் ஆகியவை இன்று சிரிப்பை வரவழைக்கின்றன என்பது அக்கருத்து. இரண்டாம் வகை, கங்கையைப் பற்றியது. ‘பாவம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அது முடிந்துவிடும். வியப்பு என்னவெனில், இவ்விரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒருவரே. பேயின் தோற்றத்தைக் கண்டு சிரிப்பவர், பேயின் முறையீட்டை மட்டும் சிரித்து ஒதுக்குவதில்லை.

இம்முரணைப் பழைய படங்களின் மீதான ஏக்கம் என்று எளிதாக விளக்கிவிடலாம். ஆனால் தென் திருவிதாங்கூரின் கதை மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. குறைந்த கருவிகளோடு சொல்லப்படும் பழிவாங்கும் பெண்ணின் கதையைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் பழக்கம், இப்பகுதியில் திரைப்படத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பார்வதிபுரத்தை அடுத்து கள்ளியங்காடு என்ற ஊர் உள்ளது. தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை, இச்சாலை முழுவதும் ஓர் அரசின் எல்லைக்குள் இருந்தது. தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கிய அந்நிலத்தில் வேரூன்றியவள்தான் கள்ளியங்காட்டு நீலி. சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் (1891) தொடங்குவதும் அவளுடைய நிலமாகிய பஞ்சவன்காட்டில்தான்.

நீலி கதைக்கு வடிவங்கள் பல. தென்பகுதி வடிவத்தில், தேவதாசி குலத்துப் பெண் ஒருத்தி, தான் நம்பிய கோயில் நம்பியால் நகைகளுக்காகக் கொல்லப்படுகிறாள். மறுபிறவியில் அந்நம்பி வணிகனாகப் பிறக்க, அவள் நீலியாக அவனைத் தேடி வருகிறாள். வட தமிழகத்தில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் வடிவத்திலும் கொல்லப்பட்ட பெண்ணும் கொன்ற வணிகனும் உண்டு. பழையனூர் நீலி பற்றிய குறிப்பு ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே இருப்பதாகக் கருதப்படுகிறது. ஆகவே இது தமிழின் மிகப் பழைய பழிவாங்கும் பேய்க்கதைகளுள் ஒன்று.

இரு வடிவங்களுக்கும் உயிர்நாடி ஒரு வழக்கு மன்றம். தன்னைக் காக்கும் ஆயுதத்தோடு வணிகன் ஊருக்குள் நுழைகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி நீலி பின்தொடர்கிறாள். இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ப் பெரியோரிடம் முறையிடுகிறாள். இவள் பெண்ணன்று, பேய் என்கிறான் வணிகன். எழுபது வேளாளர் கூடி இரு தரப்பையும் கேட்கின்றனர். கண்ணீரோடு நிற்கும் பெண்ணையும் கையிலிருக்கும் குழந்தையையும் கண்டு அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கின்றனர். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்து, ஆயுதத்தைக் களையச் செய்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். பழையனூர் மரபில் எழுபதின்மரும் தீப்புகுந்து தம் வாக்கை நிறைவேற்றுகின்றனர்.

கதையின் நுட்பம் இங்கேதான் உள்ளது. மன்றத்தினர் அறியாத ஒன்றைக் கதை கேட்போர் அறிவார்கள். அவள் பேய் என்பதும், அவன் முன்பு கொலை செய்தவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மன்றம் நம்பிய செய்தி பொய். அப்பொய்யின் வழியே கிடைத்த தண்டனையோ கொலைகாரனுக்கு உரியது. எனவே கேட்போர் ஒரே வேளையில் இரண்டு தீர்ப்புகளை வழங்க வேண்டியிருக்கிறது. அவளுடைய வேடம் உண்மையா என்பது ஒன்று. அவளுடைய வழக்கு உண்மையா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் சொல்லப் பழகிய கேட்போரை இக்கதை உருவாக்கியது. ‘ஆகாச கங்கா’வின் புகைமூட்டத்தைக் கண்டு சிரித்தபடியே கங்கைக்காக இரங்குபவர் அம்மரபின் வாரிசு.

இக்கதையைக் குமரி மாவட்டத்தில் நிலைநிறுத்திய வடிவம் வில்லுப்பாட்டு. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவையே அதன் மொத்த முதலீடு. ஒப்பனையோ மேடை அமைப்போ இல்லை. பாடுபவரின் வரிக்குப் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ என்று ஒப்புதல் தருவார். கேட்போரின் கருத்து அவ்வடிவத்துக்குள்ளேயே ஓர் இடம் பெற்றிருந்தது எனலாம். வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கொலையுண்டு தெய்வமானோர் கதைகளில் சாவு நிகழும் கட்டமே சடங்கின் உச்சம் என்பதைக் காட்டினார். அக்கட்டத்தில் சாமியாடிகள் மீது தெய்வம் இறங்கும். அங்கே அச்சத்தை உண்டாக்கியது காட்சியன்று; ஊரறிந்த ஓர் அநீதி மீண்டும் சொல்லப்படுவதே அச்சத்தை உண்டாக்கியது.

அவளுக்கு இட்ட பெயரின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. வடமொழி ‘யக்ஷி’ தமிழில் ‘இயக்கி’ ஆனது. மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை இடப்பட்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையில் சமணரின் அம்பிகா இயக்கி இன்றும் கற்சிற்பமாக நிற்கிறாள். ‘இயக்கி’ பேச்சு வழக்கில் ‘இசக்கி’ ஆகி, முப்பந்தல் உள்ளிட்ட பல ஊர்களில் குழந்தை ஏந்திய அம்மனாகக் குடிகொண்டாள். நீலியும் இசக்கியும் ஒருவரே என்பது அம்மக்களின் நம்பிக்கை. மலையாளத்தில் ‘யட்சி’ என்ற வடிவம் வடமொழிக்கு நெருக்கமாகவே நின்றது. பொருளோ, ஆளைக் கொல்லும் அழகி என்று குறுகியது. ஒரு சொல்லின் இரு கிளைகளில் ஒன்று வழிபாட்டுக்கும் மற்றொன்று அச்சத்துக்கும் சென்றன.

பொருள் குறுகிய விதத்தைக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யில் காணலாம். திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டுவழியில் ஆட்களைக் கொன்ற யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் அடக்கிய கதை அதில் உண்டு. சுண்ணாம்பு கேட்டு வழிமறிப்பவளின் தலையில் இரும்பாணி அறையப்படுகிறது. அவள் பணிப்பெண் போல் பின்தொடர்கிறாள். இக்கதையில் முன்னுரிமை கத்தனாரின் வித்தைக்கே. அவளை யார் கொன்றார், ஏன் கொன்றார் என்ற கேள்வி எழுவதில்லை. வில்லுப்பாட்டு அவளை வழக்காடியாக நிறுத்தியது. இக்கதை அவளை அடக்கப்பட வேண்டிய தொல்லையாகக் கண்டது. பிற்கால மலையாளப் பேய்ப்படங்கள் இவ்விரண்டு மரபுகளையும் ஒருசேரப் பெற்றன. முற்பாதி நீலியிடமிருந்தும், முடிவு கத்தனாரிடமிருந்தும் வந்தன.

திரைப்படம் திருவனந்தபுரத்தில் தொடங்கிய விதமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. ஜே. சி. டேனியல் இயக்கிய முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ அந்நகரின் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் தலித் சமூகத்தைச் சேர்ந்த பி. கே. ரோஸி. அதைப் பொறுக்காத ஆதிக்க சாதிப் பார்வையாளர் திரை மீது கல்லெறிந்தனர். ரோஸி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. இச்செய்தியைக் கமலின் ‘செல்லுலாய்ட்’ (2013) பரவலாக்கியது. அந்நகரில் மலையாளப் படமொன்றுக்குக் கிடைத்த முதல் பார்வையாளர் கருத்து இதுவே. அது நடிப்பைப் பற்றியதன்று; திரையில் யார் தோன்றலாம் என்பதைப் பற்றியது.

இதையும் ‘ஆகாச கங்கா’வையும் அருகருகே வைத்தால் ஒரு கசப்பான உண்மை புலப்படும். உயிருள்ள ஒரு பெண் தன் சாதி எல்லையைத் திரையில் கடந்தபோது கல் விழுந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, பெருங்குடும்பத்து இளைஞனை நேசித்த பணிப்பெண் எரிக்கப்பட்டுப் பேயானபோது இரக்கம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் கேரளச் சமூகம் பெரிதும் மாறியது என்பது உண்மை. ஆயினும் இக்கதை வகை முன்வைக்கும் நிபந்தனை மாறவில்லை. அவளுடைய முறையீடு செவிமடுக்கப்பட வேண்டுமெனில், அவள் முதலில் இறக்க வேண்டும்.

மக்கள் விருப்பத்துக்குரிய பேய்ப்படங்களைப் பற்றிய பார்வையாளர் எண்ணத்தை அறியச் சிறந்த சான்று, அடுத்தடுத்த படங்களே. 1965இல் சித்ரலேகா திரைப்படச் சங்கம் தோன்றியதிலிருந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்த தீவிரத் திரைப்பட விவாதம் யட்சிப் படங்களைப் பொருட்படுத்தியது அரிது. ஆனால் ஒரு படத்தின் முடிவில் அரங்கம் நிறைவடையாத இடத்தை, அடுத்த படத்தின் கதாசிரியர் திருத்த முயல்கிறார். அத்திருத்தங்களை வரிசையாகப் படித்தால், எழுதப்படாத கருத்துகளின் தடம் கிடைக்கும்.

முதல் தடம் 1964இல் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’. வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ கதையை அவரே திரைக்கதையாக்க, ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் இயக்குநராக அறிமுகமான படம் இது. பாழடைந்த வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் அங்குள்ள பேயை விரட்டுவதில்லை, அவளோடு பேசுகிறான், அவள் எப்படி இறந்தாள் என்று தேடி எழுதுகிறான். பார்கவியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றவன் அதே கிணற்றில் வீழ்கிறான். ஆணியும் மாந்திரிகரும் இல்லாமல், செவிமடுத்தல் ஒன்றினாலேயே வழக்குத் தீர்கிறது. மலையாளப் பேய்ப்படத்தின் தொடக்கமாகக் கருதப்படும் படம் இவ்வாறு முடிந்தது. பின்வந்தவை பலவும் இதைப் பின்பற்றாமல் போயின.

1970களில் குறைந்த செலவுப் பேய்ப்படங்கள் பெருகின. நடிகை ஷீலா இயக்கிய ‘யட்சகானம்’ (1976) தமிழில் துரையின் இயக்கத்தில் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) ஆனது. பேபியின் ‘லிசா’ 1978இல் வந்தது. எம்.ஜி.ஆரின் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தை இயக்கிய எம். கிருஷ்ணன் நாயர், 1979இல் ‘கள்ளியங்காட்டு நீலி’ என்ற பெயரிலேயே ஒரு படம் தந்தார். இரு மொழிகளுக்கும் பொதுவான பேய், இரு மொழிப் படவுலகங்களுக்கு இடையே எளிதில் பயணம் செய்தது.

திருத்தங்களில் மிகக் கூர்மையானது பாசிலின் ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993). பெரும்பொருட்செலவிலான நட்சத்திரப் படமாயினும், இவ்வரிசையில் அதைத் தவிர்க்க இயலாது. தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடற்பெண் நாகவல்லியைச் சங்கரன் தம்பி கொன்றான். தலைமுறைகள் கடந்து அவளாகவே தன்னை எண்ணிக்கொள்ளும் கங்காவை, மனநல மருத்துவர் சன்னி குணப்படுத்துகிறார். இதற்காக மாந்திரிகச் சடங்கு மேடையிலேயே ஒரு பொம்மை வைக்கப்படுகிறது. தம்பியென்று நம்பி அதை அவள் வெட்டுகிறாள். பழி தீர்ந்தது; உயிர் எதுவும் போகவில்லை. பழிவாங்கும் பேய்ப்படத்தைக் காண வந்த பார்வையாளருக்கு எது வேண்டும் என்பதை இக்காட்சி சரியாக அறிந்திருந்தது. அரங்கிலுள்ளோரும் அப்பொம்மை வெட்டுப்படுவதையே விரும்பினர்; அது பொம்மை என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீலி கதையின் இரட்டைத் தீர்ப்பு இங்கே திரைக்கதையாகவே மாறியது.

அப்படத்தில் நாகவல்லி பேசும் மொழி தமிழ். தமிழில் ‘சந்திரமுகி’ (2005) என்று அக்கதை எடுக்கப்பட்டபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்தியில் ‘பூல் புலையா’ (2007) வந்தபோது வங்காளம் பேசினாள். அநீதிக்கு ஆளான ஆடற்பெண் எப்போதும் அண்டை மொழிக்காரியாகவே இருக்கிறாள். முறையீடு அயல்மொழியில் ஒலிக்கும்போது அச்சம் கூடுகிறது. குற்றத்தோடு பார்வையாளருக்குள்ள உறவு சற்றுத் தளர்கிறது. வில்லுப்பாட்டு நீலிக்கு இவ்விலகல் இல்லை. கேட்போரின் மொழியிலேயே, கேட்போரின் ஊர்ப்பெயர்களோடு அவள் வழக்காடினாள். இருமொழிச் சூழலில் வாழும் திருவனந்தபுரத்துப் பார்வையாளருக்கு நாகவல்லியின் தமிழ் முழு அயல்மொழியும் அன்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் நாள்தோறும் கேட்கும் மொழி அது.

இவ்வரிசைக்குப் பின் வந்த ‘ஆகாச கங்கா’, வடிவத்தில் முன்னோக்கிச் செல்லவில்லை. பழைய முடிவுக்கே திரும்பியது. மனநல மருத்துவர் இல்லை, யட்சி உண்மையானவள், மாந்திரிகர் வெல்கிறார். ஆனால் கங்கையின் முன்கதையை அது விரிவாகச் சொன்னது. எரிக்கப்பட்டவள் கருவுற்றிருந்தாள் என்பதும், ஆணையிட்டவர் குடும்பத்தின் மானத்தைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பதும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்டன. இதனால் முடிவு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கொலைக்குப் பொறுப்பானவர் முந்திய தலைமுறை. அபாயத்தில் இருப்போர் அடுத்த தலைமுறை. கங்கை வென்றால் மாயா அழிவாள். மாந்திரிகர் வென்றால் கங்கை இரண்டாம் முறை அழிக்கப்படுவாள். படம் மாயாவின் உயிரைக் காட்டிப் பார்வையாளரின் ஒப்புதலைப் பெறுகிறது. எனினும் படம் முடிந்த பின்னும் ‘பாவம்’ என்ற சொல் கங்கைக்கே போய்ச் சேர்கிறது. அச்சொல் வெறும் இரக்கக் குறிப்பன்று. படம் தந்த முடிவோடு முழுமையாக உடன்படாத ஒரு மாற்றுத் தீர்ப்பு அது.

செலவுக் குறைவைப் பற்றிய சிரிப்பையும் இங்கிருந்து மீண்டும் பார்க்கலாம். ஒரு பேய்ப்படத்தை மலிவானது என்று ஒதுக்கும் விமர்சகர், காட்சி நம்பும்படியாக இருந்தால்தான் உணர்ச்சி பிறக்கும் என்று கொள்கிறார். ஒரு வில்லையும் குடத்தையும் கொண்டு இரவு முழுதும் ஊரைக் கட்டிவைத்த கலையை அறிந்த நிலத்தில் அக்கருத்து செல்லாது. இங்குச் சிரிப்பு வேடத்துக்கு உரியது, செவி வழக்குக்கு உரியது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. எனவே இப்படங்களைப் பற்றிய கேலிப் பேச்சைப் புறக்கணிப்பின் சான்றாகக் கொள்வது பிழை. கேலிக்கு அடுத்து என்ன சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே ஆய்வு கேட்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டொமினிக் அருணின் ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ கள்ளியங்காட்டு நீலியை மீவலிமை கொண்ட நாயகியாக்கி, மலையாளத் திரையுலகின் மிகப் பெரிய வசூல்களுள் ஒன்றை ஈட்டியது. ஆணி அறையப்பட்டவளே காப்பவளாகிறாள். ‘பாவம்’ என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த பார்வையாளருக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த ஒப்புதல் என்று இதைக் கருதலாம். ஆனால் நாயகியான நீலிக்கு இனி வழக்கு மன்றம் தேவையில்லை. முறையிடுபவள் என்ற நிலையிலிருந்து அவள் விடுபட்டுவிட்டாள். அதனோடு, கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பிலிருந்து பார்வையாளரும் விடுபட்டுவிட்டனர்.

அப்பொறுப்பின் கனத்தைப் பழைய கதை நன்கு அறிந்திருந்தது. பழையனூர் எழுபதின்மர் தம் தீர்ப்புக்குத் தம் உயிரையே பிணையாக வைத்தனர். குமரியின் ஊர்கள் கொலையுண்டவளுக்குப் பீடம் எழுப்பி, ஆண்டுதோறும் கொடை நடத்தி, அவளுடைய சாவை அவளுக்கு முன்பே பாடி, நடந்தது அநீதி என்று ஒப்புக்கொண்டன. திரையரங்கப் பார்வையாளரிடம் உள்ளதோ ஒரு நுழைவுச்சீட்டும் ஒரு கருத்தும் மட்டுமே. ஆயினும் மலிவான புகைமூட்டத்துக்கு நடுவே ஒரு பணிப்பெண் எரிக்கப்பட்டதைக் கண்டு, மாந்திரிகரின் வெற்றிக்குப் பிறகும் அவள் பக்கம் நிற்கும் கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ரோஸியின் மீது கல்லெறிந்த நகரத்தில், அது வரலாற்றின் ஒரு பகுதி.